முதல் வரிசைக் கம்பி

அந்தக் கம்பியில கைய வெக்காதீங்க நர்ஸம்மா. துணிக்கொடி கட்டியிருக்குன்னு சாதாரணமா நெனச்சுடாதீங்க. கொடி கட்டினது என் பொண்ணு, சொன்னா எங்க கேக்குறா. அது யுனிவர்சிட்டி கம்பி. சிவப்பும் வெள்ளையும் மாத்தி மாத்திப் பெயின்ட் அடிச்சிருக்கு பாருங்க. மேல ஒரு நம்பர் கூட இருந்துச்சு, உப்புக்காத்துல அழிஞ்சு போச்சு. ஒண்ணாம் நம்பர். முதல் வரிசையில முதல் கம்பி அது.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. மலரு, நர்ஸம்மாவுக்கு டீ போடு. இல்ல இல்ல, நீ எழுந்திரிக்காத, நிறைமாசத்துல அடுப்புப் பக்கம் நிக்க வேணாம், நானே போடுறேன். டீ லேசா உப்புக் கரிக்கும் நர்ஸம்மா, முகத்தச் சுளிக்காதீங்க. இங்க அடிபம்புத் தண்ணி கொஞ்ச நாளா அப்படித்தான் வருது. பழகிட்டா ஒண்ணும் தெரியாது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். புயல் கூண்டு ஏத்தியாச்சு, நாள் நெருங்கின பொம்பளைங்களை எல்லாம் முன்னாடியே ஆஸ்பத்திரியில கொண்டு போய்ச் சேக்கணும்னு மேல இருந்து சொல்லியிருப்பாங்க. உங்க வேலைய நீங்க பாக்குறீங்க, தப்பில்ல. ஜீப்பத் தூரத்துலயே நிறுத்திட்டு மணல்ல நடந்து வந்திருக்கீங்க, செருப்பப் பாத்தாலே தெரியுது. முன்ன ரோடு வாசல் வரைக்கும் இருந்துச்சு, இப்ப மணல் மூடிக் கெடக்கு. இந்தத் தெருவுல மத்தவங்க எல்லாம் காலையிலயே மூட்டையக் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. பயந்தாங்கொள்ளிக் கூட்டம். எங்க மாப்பிள்ளை இளவழகன் போட்டைத் துறைமுகத்துல பத்திரமாக் கட்டிட்டு வரேன்னு போயிருக்காரு. போகும்போது இவகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? "மாமா எப்படிச் சொல்றாரோ அப்படியே செய்." நான் என்ன சொல்றேன்னா, இவ எங்கயும் போக வேணாம். இந்தக் கரை அசையாது. நான் சொல்லல, யுனிவர்சிட்டி சொல்லியிருக்கு. அந்த யுனிவர்சிட்டிக்குச் சொன்னதே நான்தான்.

நம்பிக்கை இல்லேன்னா சுவத்தப் பாருங்க. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேனே, அது கல்யாண போட்டோ இல்ல. யுனிவர்சிட்டி போட்ட அறிக்கையோட அட்டை. பருவநிலை மாற்றமும் கடற்கரையின் நிலைத்தன்மையும்னு எழுதியிருக்கு, படிங்க. எழுத்துக்குக் கீழ என்ன படம்? கம்பி. வரிசை வரிசையாக் கம்பி. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்கா? நூல் பிடிச்ச மாதிரி நிக்குதா இல்லையா? அது என் கை.

என் பேரு கோவிந்தராசு. நான் பந்தக்காரன் நர்ஸம்மா. இந்தச் சவுக்குமேட்டைச் சுத்தி எந்தக் கல்யாணம், எந்தச் சாவுன்னாலும் பந்தல் நாந்தான். சிதம்பரநாதன் சார்னு ஒரு பேராசிரியர், கடல் ஆராய்ச்சி அவரு. கரைய அளக்குற திட்டம் தொடங்குறதுக்கு இங்க மீன் இறங்குற இடத்துல ஒரு கூட்டம் போட்டாரு. அதுக்குப் பந்தல் போட்டது நான். வந்தாரு, மேடையப் பாக்கல, மைக்கப் பாக்கல, பந்தக்கால் வரிசையைத்தான் பாத்தாரு. ஒரு கண்ண மூடிக்கிட்டு ஒரு முனையில இருந்து பாத்தாரு. "யாருப்பா இத நட்டது?"ன்னாரு. நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். "எனக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்"னு சொன்னாரு. அன்னைக்கே வேலை. களப்பணியாளர்னு போட்டுக் கழுத்துல மாட்டுற அட்டை ஒண்ணு குடுத்தாங்க. இன்னும் இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா? சரி, அப்புறம் காட்டுறேன்.

கம்பி நட்ட அன்னைக்கு சார் முழுக்கால் பேன்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு மணல்ல நின்னாரு. தண்ணி ஏறி நிக்கிற கோடு இருக்கு பாருங்க, நுரையும் குப்பையும் ஒதுங்குற கோடு, அங்க ஒரு முனைய வெச்சுக் கயித்தப் புடிக்கச் சொன்னாரு. இந்தா, இந்த நீலக் கயிறுதான். மறுமுனை எங்க வருதோ அங்க முதல் வரிசை. அதுக்குப் பின்னால அதே அளவுல ரெண்டாவது வரிசை, அப்புறம் மூணாவது. எல்லாக் கம்பியும் தரைக்கு மேல என் நெஞ்சு உயரம். "கோவிந்தராசு, இந்த அளவ மறந்துடாதே. இது எப்பவும் ஒழுங்கா இருக்கணும்"னாரு. கயித்த என் கையிலயே குடுத்துட்டுப் போனாரு. நான் அத எங்கயாவது போட்டுடுவேனா? சாமிப் படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டி வெச்சேன்.

அதுக்கப்புறம் சார் அதிகம் வரல. பெரிய மனுஷன், டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போறவரு. மாசத்துக்கு ஒருமுறை வந்து அளக்கிறது ஒரு ஆராய்ச்சி மாணவி. பெனிட்டான்னு தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெயில்ல கறுத்துப் போயி. ஒவ்வொரு கம்பியும் தரைக்கு மேல எவ்வளவு தெரியுதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாக்கும், எழுதிக்கும். கம்பி கூடத் தெரிஞ்சா மண் அரிச்சுப் போயிருக்குன்னு அர்த்தமாம், கொறச்சுத் தெரிஞ்சா மண் சேந்திருக்குன்னு அர்த்தமாம். இதெல்லாம் அது பின்னாடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்ப எனக்கு யாரும் சொல்லல. எனக்குச் சொன்னது ஒழுங்கா இருக்கணும்ங்கிறது மட்டுந்தான்.

அலை சத்தம் கேட்டுப் பயப்படுறீங்களா? இங்க அப்படித்தான் கேக்கும். கொல்லைப்பக்கக் கதவச் சாத்திடுறேன், இருங்க. மலரு, அந்தப் பைய எதுக்கு மறுபடியும் கதவுகிட்ட கொண்டாந்து வெச்சிருக்க? உள்ள வை.

எங்க விட்டேன்? ஆங், ஒழுங்கு. மணல்ல நட்ட எதுவும் நட்டபடியே இருக்காது நர்ஸம்மா. இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். ஒரு மழை பெஞ்சா பந்தக்கால் தளந்து மேல எழும்பும். சம்மட்டியால ஒரு போடு போட்டாத்தான் இறங்கும். இந்தக் கம்பிங்களும் அப்படித்தான். ஒரு வாரம் விட்டுட்டுப் பாத்தா முதல் வரிசை என் கழுத்து வரைக்கும் எழும்பி நிக்கும். சில நேரம் தலைக்கு மேல. நான் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்னு அடிச்சு இறக்குவேன். எல்லாம் நெஞ்சு உயரம் வந்ததுக்கு அப்புறம், ஒரு கண்ண மூடிக்கிட்டு முனையில இருந்து பாப்பேன். வரிசை சரியா இருந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நாளைக்கு பெனிட்டா வருதுன்னா இன்னைக்கே போயிடுவேன். உங்களுக்குத் தெரியாததா? உங்க ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் வர்றாருன்னா முதல் நாளே கழுவி விட்டு, கோலம் போட்டு, புதுப் படுக்கை விரிச்சு வெப்பீங்கல்ல. அது மாதிரிதான். அளக்க வர்றவங்க முன்னாடி அலங்கோலமா நிக்கக் கூடாது. அந்தப் பொண்ணு வந்து அளந்து பாத்துட்டு, "என்னண்ணே, போன மாசம் இருந்த அதே அளவு"ங்கும். எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். வேற கரையிலயும் கம்பி நட்டிருந்தாங்களாம், அங்கல்லாம் அளவு தாறுமாறா ஏறி இறங்குமாம். பின்ன, அங்க யாரு இருக்கா பாத்துக்க?

முதல் வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சில மாசம் தண்ணி ஏறி வந்து கம்பியோட காலை நனைக்கும். நனைஞ்சா துருப்பிடிச்சுடும். அதுவும் இல்லாம சார் போட்ட கயித்து அளவு கெட்டுப் போயிடும். அப்ப என்ன பண்ணுவேன், நுரை ஒதுங்குற கோட்டுல இருந்து கயித்தப் போட்டு, அந்தக் கம்பிய அப்படியே உள்ள தள்ளி நடுவேன். முதல் வரிசை உள்ள வந்தா ரெண்டாவது வரிசையும் வரணும், இல்லேன்னா இடைவெளி கெட்டுடும். பந்தல்ல ஒரு கால நகத்தினா எல்லாத்தையும் நகத்தணும். தனியாளா நின்னு செஞ்சேன் நர்ஸம்மா. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து மூஞ்சியில மணல வாரி அடிக்கும். ஒருத்தரக் கூப்பிட்டதில்ல, ஒரு வார்த்தை புலம்பினதில்ல.

இப்படி மூணு வருஷம். அறிக்கை வந்துச்சு. சவுக்குமேட்டுக் கரை நிலையான கரை, கடல் இங்க ஏறலன்னு எழுதிட்டாங்க. யுனிவர்சிட்டியில விழா வெச்சு எனக்குப் பொன்னாடை போத்தினாரு சார். "சேட்டிலைட் படம் எல்லாம் வானத்துல இருந்து எடுக்கிறது. கம்பி தரையில நிக்குது. கம்பி பொய் சொல்லாது"ன்னு மேடையிலயே பேசினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் அந்தப் பொன்னாடைய மடிச்சு வெச்சிருக்கேன், இவளுக்குப் பொறக்கிற புள்ளைய அதுல சுத்தித்தான் முதல்ல தூக்கணும்.

அந்த அறிக்கைய வெச்சுத்தான் இந்தக் காலனி வந்துச்சு. கடலோரமா கூரை வீட்டுல கெடந்த மீனவக் குடும்பங்களுக்கெல்லாம் இங்க மாடி போடுற மாதிரி வீடு. மாப்பிள்ளை பேரும் அதுல இருந்துச்சு. என் பொண்ணு ஒழுகுற கூரையில இருந்து கான்கிரீட்டுக்கு வந்தா நான் சந்தோஷப்படக் கூடாதா? படுவேன்.

அது யாரு ஹாரன் அடிக்கிறது, உங்க டிரைவரா? அடிக்கட்டும். டீயக் குடிங்க.

வினையே அதுக்கப்புறந்தான் வந்துச்சு. காலனிக்கு அடிக்கல் நாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் இந்த பெனிட்டா வந்து நிக்குது, சொல்லாம கொள்ளாம. கையில ஒரு போட்டோ. முதல் வருஷம் எடுத்தது. "அண்ணே, இந்தப் போட்டோவப் பாருங்க, கம்பிக்குப் பின்னாடி இது என்ன?"ன்னு கேட்டுச்சு. பாத்தேன். கருவாட்டுக் களம். சிமென்ட் போட்ட பெரிய களம், பொம்பளைங்க கருவாடு காயப்போடுற இடம். "களம்"னேன்.

"இப்ப அந்தக் களம் எங்க அண்ணே?"

"கடல் தூக்கிட்டுப் போயி ரெண்டு மழை ஆச்சேம்மா. அந்தா, தண்ணி இறங்குனா ஒரு மூலை தெரியும்."

"களம் கம்பிக்குப் பின்னாடி, ஊர்ப் பக்கமா இருந்துச்சு. களத்தையே கடல் தூக்கிட்டுப் போச்சு. அப்ப கம்பி எப்படி இங்க நிக்குது?"

எனக்குப் பெருமை தாங்கல. "அதத்தாம்மா சொல்றேன், களத்த எடுத்த கடலால என் கம்பியில ஒண்ணக்கூட எடுக்க முடியல"ன்னு சொன்னேன். சம்மட்டியக் காட்டினேன். கயித்த எடுத்து வந்து போட்டுக் காட்டினேன், எப்படி அளந்து எப்படி உள்ள நடுவேன்னு எல்லாம் செஞ்சே காட்டினேன். மூணு வருஷமா யாரும் கேக்கலையே, இப்பவாவது ஒருத்தர் கேக்குறாங்களேன்னு ஆசையா காட்டினேன்.

அந்தப் பொண்ணு அப்படியே மணல்ல உக்காந்துடுச்சு. வெயில்ல மயக்கமோன்னு நெனச்சு இளநி வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். அப்புறம் சொல்லுது, "அண்ணே, நீங்க அடிச்சு இறக்கினீங்களே, அதுதான் நாங்க தேடின அளவு. நீங்க எவ்வளவு தூரம் உள்ள நட்டுக்கிட்டு வந்தீங்களோ, அவ்வளவு தூரம் கடல் வந்திருக்கு." கண்ணுல தண்ணி அதுக்கு. "காலனி கட்டப்போற இடம் இன்னும் கொஞ்ச வருஷத்துல தண்ணிக்குள்ள போயிடும்ணே."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். முப்பது வருஷம் பந்தல் போட்டவன். ஒரு பந்தல் சாஞ்சதில்ல. என் வேலையாலதான் எல்லாம் கெட்டுப் போச்சுன்னு நேத்துப் பொறந்த பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. கெடுத்தேனாம்! ஒழுங்கா வெச்சுக்கன்னு சொன்னாங்க, ஒழுங்கா வெச்சுக்கிட்டேன். இதுல நான் என்ன கெடுத்தேன்? நீங்களே சொல்லுங்க. கடல் வர்றதும் போறதும் இன்னைக்கு நேத்தா நடக்குது?

அது நேரா சார்கிட்ட போயிடுச்சு. ஒரு வாரத்துல என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. யுனிவர்சிட்டியில ஏசி ரூம். நீளமா மேசை, சுத்தி ஆபீசருங்க. காலனி கட்டுற ஆபீசரும் இருந்தாரு. எனக்கும் நாற்காலி போட்டாங்க, ஆனா நான் நின்னேன். சார் முகம் ஒரு மாதிரி கறுத்துப் போயிருந்துச்சு. "கோவிந்தராசு, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கம்பிங்க எல்லாம் நான் சொன்ன அளவுலதான இருக்கு? யாரும் அத எடுத்துக் கிடுத்து விளையாடலையே?"ன்னாரு.

நான் நிமிந்து நின்னு சொன்னேன். "நீங்க சொன்ன அளவுலேருந்து ஒரு விரக்கடை மாறல சார். வெளியாளு ஒருத்தனும் தொட்டதில்ல."

பொய்யா? சொல்லுங்க நர்ஸம்மா, இதுல ஒரு வார்த்தை பொய்யா?

பெனிட்டா எழுந்திரிச்சு, "அண்ணே, அன்னைக்கு என்கிட்ட செஞ்சு காட்டினீங்களே, அதச் சொல்லுங்க, அது போதும்"னு சொல்லுச்சு. கெஞ்சுற மாதிரி சொல்லுச்சு. நான் சாரப் பாத்தேன். சார் தண்ணி கிளாசப் பாத்துக்கிட்டு இருந்தாரு. காலனி ஆபீசரு கடிகாரத்தப் பாத்தாரு. நான் ஏன் சொல்லணும்? என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு. அந்தப் பொண்ணு என்னைக் குத்தவாளியா நிக்க வெக்கப் பாத்துச்சு, நான் அதுக்கு எடுத்துக் குடுக்கணுமா? வீட்டுக்காகச் சொல்லாம இருந்தேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. வீட்டு நெனப்பே எனக்கு அப்ப இல்ல. அந்தப் பட்டியல்ல மாப்பிள்ளை பேரு எத்தனாவதுன்னுகூட நான் பாக்கல. பதினோராவது பேரு, அது மத்தவங்க சொல்லித் தெரியும்.

"கேட்டீங்கல்ல"ன்னு சார் எழுந்துட்டாரு. அவ்வளவுதான், கூட்டம் முடிஞ்சுது. அந்தப் பொண்ண அந்த வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இப்ப வேற எங்கயோ காலேஜ்ல இருக்காம். வெளிய வர்றப்ப வராண்டாவுல நின்னுச்சு. திட்டும்னு நெனச்சேன். "உங்க பொண்ணு நம்பர் குடுங்கண்ணே"ன்னு மட்டும் கேட்டுச்சு. எதுக்குன்னு தெரியாமலே குடுத்துட்டேன். அது நான் செஞ்ச முட்டாள்தனம்.

ஏன்னா, கூண்டு ஏறினா போதும், இவளுக்குப் போன் வந்துடும். "அக்கா, வீட்ட விட்டுக் கெளம்புங்க. அக்கா, ஸ்கூலுக்குப் போயிடுங்க." சொந்த அக்கா தங்கச்சி மாதிரி. இன்னைக்குக் காலையிலயும் அடிச்சிருக்கு. அதுக்கப்புறந்தான் இவ அந்தப் பையக் கட்டி வெச்சிருக்கா. புள்ளைத் துணி, பிளாஸ்க், ஆதார் கார்டு எல்லாம் அதுல. நான் மூணு தடவ உள்ள கொண்டு போய் வெச்சுட்டேன், மூணு தடவையும் கதவுகிட்ட வந்து நிக்குது. அப்பன் பேச்சு பெருசா, எவளோ ஒருத்தி பேச்சு பெருசா? சொல்லுங்க நர்ஸம்மா. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. என் சொந்தப் பொண்ணே என் கம்பிய நம்பலன்னா அப்புறம் நான் எதுக்கு?

திட்டம் முடிஞ்சு போச்சு, சம்பளமும் நின்னு போச்சு. நான் கம்பிய விடல. இன்னைக்கும் நாந்தான் பாத்துக்கறேன். ரெண்டாவது வரிசை முன்வாசல் தெருவுல நிக்குது, புள்ளைங்க அதுல ஊஞ்சல் கட்டுதுங்க. மூணாவது வரிசை தண்ணி டேங்க்குக்கு அந்தாண்ட. முதல் வரிசைதான் நீங்க பாத்தது, கொல்லையில.

என்ன பாக்குறீங்க அப்படி? மொதல்ல கொல்லையில இல்ல. காலனி கட்டும்போது மூணு வரிசையுமே காலனிக்கு வெளிய, கடல் பக்கமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா... அளவு கெடாம நடணும்ல. சொன்னேனே.

கால்ல என்னது? தண்ணியா? கதவு இடுக்குல சாரல் அடிக்கும், அதுதான். மழை எங்கன்னா கேக்குறீங்க? மழை இன்னும் வரலதான். சரி, நீங்க என்னை நம்ப மாட்டீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. வாங்க கொல்லைக்கு. ஒரே நிமிஷம். கயித்தப் போட்டு அளந்து காட்டிடுறேன். போன வாரம் அளந்தேன், கச்சிதமா இருந்துச்சு. சார் போட்ட அதே அளவு. அது சரியா இருந்துச்சுன்னா நீங்க ஜீப்ப எடுத்துக்கிட்டுக் கெளம்பிடணும், இவ இங்கயே இருப்பா. சரியா இல்லேன்னா... சரியாத்தான் இருக்கும்.

மெதுவா, படி வழுக்கும். இந்த முனையப் புடிங்க நர்ஸம்மா. கம்பியோட அடியில வெச்சு அழுத்திப் புடிங்க. நான் நுரைக்கோட்டுக்குப் போறேன்.

இழுங்க. இழுத்துப் புடிச்சிருக்கீங்களா?

இல்ல, தொய்யுது. நீங்க சரியாப் புடிக்கல. அடியிலதான் இருக்கா? நல்லா அடியில?

மூணுல ஒரு பங்குகூட வரலையே. போன வாரம் விறைப்பா நின்னுச்சு. நானே தனியாப் புடிச்சு அளந்தேன், நாலு தடவ அளந்தேன். நடுவுல இருந்த வேலி எங்க? இங்க ஒரு முருங்கை நின்னுச்சே. மலரு, முருங்கை எப்ப விழுந்துச்சு? நேத்தா? ஏன் என்கிட்ட சொல்லல?

சரி சரி, ஒண்ணும் ஆகல. இது எப்பவும் நடக்கிறதுதான். கம்பிய இன்னும் உள்ள தள்ளி நட்டா அளவு சரியாயிடும். அந்த முனைய அப்படியே கொண்டு போங்க வீட்டுப் பக்கமா. இன்னும். இன்னும் போங்க. கதவு இருக்குன்னா திறந்துக்கிட்டுப் போங்க.

எங்க நிக்கிறீங்க?

சமையக்கட்டுலயா?

இருங்க, யோசிக்கிறேன். சிமென்ட் தரை. சம்மட்டிக்கு ஒடையும். நல்லா அடிச்சா ஒடையும்.

மலரு, எங்க போற? நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பையத் தூக்கிட்ட. நர்ஸம்மா, நீங்க ஏன் அவ கையப் புடிக்கிறீங்க, நான் இன்னும் சரின்னு சொல்லல. மெதுவாக் கூட்டிட்டுப் போங்க, மணல்ல கால் புதையும். பைய நீங்க வாங்கிக்குங்க, அவ தூக்கக் கூடாது. மலரு, அலமாரியில பொன்னாடை இருக்கு, அத எடுத்துக்க. அழாத. என் கையப் புடிச்சு இழுக்காத, நான் எங்க ஓடிப் போகப் போறேன்? பின்னாலயே வந்துடுறேன். இத இப்படியே விட்டுட்டு எப்படி வர்றது? கம்பி தண்ணியில நிக்குது பாரு. முதல் வரிசைய நட்டுட்டு, தெருவுல இருக்கிற ரெண்டாவது வரிசைய நட்டுட்டு, டேங்க்குகிட்ட இருக்கிறதையும் சரி பண்ணிட்டு வந்துடுறேன்.

நீங்க போங்க நர்ஸம்மா. போகும்போது அந்தச் சம்மட்டிய மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. புயல் முடிஞ்சா நாளைக்கே யாராவது அளக்க வருவாங்க.